இரவு ஷிப்டுக்கு என்ன கூலி?

ஒரே இயந்திரத்தில் பகலில் எட்டு மணி நேரம் நின்றவருக்கும் இரவில் எட்டு மணி நேரம் நின்றவருக்கும் சம்பளம் ஒன்றாக இருக்கலாமா? கூடாது என்று பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். ஏன் கூடாது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. இந்த விவாதத்துக்கு இரண்டரை நூற்றாண்டு வயதாகிறது, இன்னும் தீரவில்லை.

சம்பளப் பிரிவில் உட்கார்ந்து மென்பொருளில் விதி எழுதுகிறவருக்கு இது ஏட்டுச் சர்ச்சையாகத் தோன்றலாம். எத்தனை சதவீதம், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எதன் மீது கணக்கிடுவது, ஓ.டி.யோடு சேருமா சேராதா என்பவைதான் அவருக்கு வேண்டியவை. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தப் பழைய ‘ஏன்’ ஒளிந்திருக்கிறது. காரணத்தைத் தீர்மானிக்காமல் விதியை எழுதினால், விதியே தனக்கொரு காரணத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அது நிர்வாகமோ தொழிற்சங்கமோ நினைத்ததாக இருக்காது.

சிரமத்தின் விலை

முதல் பதிலின் வேர் ஆடம் ஸ்மித்திடம் இருக்கிறது. 1776-இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில், வேலையின் சிரமம், அழுக்கு, ஆபத்து ஆகியவற்றுக்கு ஏற்பக் கூலி மாறும் என்று அவர் வாதிட்டார். நிலக்கரி வெட்டுபவர் எட்டு மணி நேரத்தில் ஈட்டுவதைக் கொல்லர் பன்னிரண்டு மணி நேரத்திலும் ஈட்டுவது அரிது என்று சொல்லி, அதற்குக் காட்டிய காரணங்களில் ஒன்று, கொல்லரின் வேலை பகல் வெளிச்சத்தில் நடக்கிறது என்பது. இதன்படி இரவுப் படி ஒரு சந்தை விலை. இரவில் வர யாரும் விரும்பாததால் கூடுதலாகக் கொடுத்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. சட்டம் தலையிட வேண்டியதில்லை.

அமெரிக்கத் தனியார் துறை இன்றும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. 1938-ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரச் சட்டம் வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கொடுக்கச் சொல்கிறது. இரவு வேலைக்கு என்று எதையும் கட்டாயமாக்கவில்லை. கூடுதல் உண்டா, எவ்வளவு என்பதை ஒப்பந்தம் முடிவு செய்கிறது.

இதன் பலவீனத்தை 1848-லேயே ஜான் ஸ்டூவர்ட் மில் சுட்டிவிட்டார். மிகக் கடினமான, யாருக்கும் பிடிக்காத வேலைகளுக்கு மிகக் குறைந்த கூலிதான் கிடைக்கிறது, ஏனெனில் வேறு வழியற்றவர்கள்தான் அவற்றைச் செய்ய வருகிறார்கள் என்பது அவர் வாதம். வேண்டாம் என்று சொல்லக்கூடிய தொழிலாளிக்குத்தான் சந்தை இரவு விலையைக் கொடுக்கும். ஏ.டி.எம். வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு அந்தப் பேரம் பேசும் வலு எங்கிருந்து வரும்? ஸ்மித்தின் தர்க்கம் தவறென்று சொல்ல முடியாது. அது செயல்படத் தேவையான சூழல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

உடலின் இழப்பு

இரண்டாவது பதில் மருத்துவத்திலிருந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் நாள்முறைத் தாளத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 2007-இல் ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்னும் 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019-இல் சான்றுகளை மறுபடி பரிசீலித்து, இரவு ஷிப்ட் வேலையை அதே பிரிவில் வைத்தது. இது உறுதியான தீர்ப்பு அல்ல. மனிதர்களிடம் கிடைத்த சான்று வரம்புக்குட்பட்டது என்றே முகமையும் சொல்கிறது. ஆனாலும் இரவுப் படியை விலையாக அல்லாமல் இழப்பீடாகப் பார்ப்பதற்கு இது வலுவான ஆதாரமாயிற்று.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1990-இல் நிறைவேற்றிய 171-ஆம் எண் உடன்படிக்கை இந்தத் திசையில்தான் நிற்கிறது. வேலை நேரக் குறைப்பு, ஊதியம் அல்லது அதுபோன்ற பலன் ஏதேனும் ஒரு வடிவில் இரவு வேலையின் தன்மை ஈடுசெய்யப்பட வேண்டும் என்கிறது. அதோடு மருத்துவப் பரிசோதனை, இரவு வேலைக்குத் தகுதியற்றவராகிவிட்டவரைப் பகலுக்கு மாற்றுதல் ஆகியவற்றையும் கேட்கிறது. ஜெர்மனியின் வேலைநேரச் சட்டமும், கூட்டு ஒப்பந்தம் ஏதும் இல்லாத இடத்தில், தகுந்த அளவு ஊதியத்தோடு கூடிய விடுப்போ தகுந்த கூடுதல் ஊதியமோ தர வேண்டும் என்கிறது. எவ்வளவு ‘தகுந்தது’ என்று சட்டம் சொல்லவில்லை. பொதுவாக 25 சதவீதம், நிரந்தரமாக இரவிலேயே வேலை செய்பவருக்கு 30 சதவீதம் என்று அந்நாட்டுக் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்புகளின் வழியே ஓர் அளவுகோலை உருவாக்கியது.

இந்தப் பதிலில் இரண்டு சங்கடங்கள். படி ஆரோக்கியத்துக்கான ஈடு என்றால், அது ஏன் சம்பளத்தின் சதவீதமாக இருக்க வேண்டும்? மேலாளரின் தூக்கம் உதவியாளரின் தூக்கத்தைவிட விலை உயர்ந்ததா? அதைவிடப் பெரிய சங்கடம், பணம் உடலைச் சரிசெய்வதில்லை. படி உயர உயர, உடல்நிலை இடம்கொடுக்காதவரும் கடன் அடைக்க வேண்டி இரவு ஷிப்டைக் கேட்டு வாங்குவார். தொழிலாளர் தரப்பிலேயே ஒரு சாரார் பணத்துக்குப் பதில் ஓய்வு நேரத்தைக் கேட்பது இதனால்தான். இந்த வாதத்துக்கு இதுவரை திருப்தியான பதில் வந்ததாகத் தெரியவில்லை.

கடிகாரத்தையே மாற்றிய கணக்கு

மூன்றாவது வழி கொஞ்சம் வித்தியாசமானது. இரவின் ஒரு மணி நேரம், பகலின் ஒரு மணி நேரத்தைவிட அதிக வேலை என்று கொள்வது. பிரேசிலின் 1943-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இதை அப்படியே எழுத்தில் வைத்தது. நகர்ப்புறத் தொழிலாளிக்கு இரவு 10 முதல் காலை 5 வரை, 52 நிமிடம் 30 விநாடி கழிந்தாலே ஒரு மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்கு. கடிகாரத்தில் ஏழு மணி நேரம். சம்பளப் பட்டியலில் எட்டு. அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், 20 என்று வெளியில் தெரிவது உள்ளே 37 சதவீதத்தைத் தொடுகிறது.

இந்திய மத்திய அரசு ஊழியருக்கான இரவுப் பணிப் படியும் இதே குடும்பம்தான். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2020 ஜூலையில் வந்த ஆணையின்படி, இரவு 10 முதல் காலை 6 வரை பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிடம் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. ஒரு மணி நேர விகிதம், அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 200-ஆல் வகுத்தால் கிடைப்பது. அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய், அகவிலைப்படி 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 265 ரூபாய் 50 காசு. முழு இரவுக்கு 80 நிமிடம் சேரும். ஆக, ஓர் இரவுக்கு 354 ரூபாய்.

நிமிடக் கணக்கின் அழகு, அது பேரத்தை நேரத்தின் மொழிக்கு மாற்றிவிடுகிறது என்பது. அதே நிமிடங்களைப் பணமாகவும் தரலாம், ஓய்வாகவும் தரலாம். ஆனால் பே ஸ்லிப்பைப் பார்த்துத் தொழிலாளி தன் கணக்கைத் தானே சரிபார்ப்பது கடினம். ஒளிவு மறைவில்லாமல் இருக்க வேண்டிய தொகை, சூத்திரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நாலாவதாக, அண்மைக் காலத்தில் மேலே வந்த ஒரு வாதம் இருக்கிறது. திடீரென்று இரவுக்குக் கூப்பிடப்படுபவரின் வாழ்க்கைதான் அதிகம் குலைகிறது, ஆகவே அவருக்கு அதிகம் கொடுக்க வேண்டும் என்பது. ஜெர்மனியில் குளிர்பானத் துறையின் ஓர் ஒப்பந்தம் சுழற்சி முறையில் இரவு வேலை பார்ப்பவருக்கு 20 சதவீதமும், ஒழுங்கற்ற இரவு வேலைக்கு 50 சதவீதமும் வைத்திருந்தது. மாதாமாதம் உடலைக் கெடுத்துக்கொள்பவருக்குக் குறைவு, எப்போதாவது வருபவருக்கு அதிகமா என்று தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். விவகாரம் 2022-இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. கூடுதல் ஊதியத்தின் அளவு ஐரோப்பிய வேலைநேர விதிகளின் வரம்புக்குள் வராது என்று அது விலகிக்கொண்டது. முன்கூட்டித் திட்டமிட முடியாத சிரமத்துக்கு ஈடாக அதிகம் கொடுப்பதை 2023-இல் ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றம் ஏற்றது. ஆரோக்கியம் என்னும் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தத் தீர்ப்பு விளங்காது. குடும்ப நேரத்தையும் கணக்கில் எடுத்தால் விளங்கும்.

எந்த மணியிலிருந்து இரவு?

காரணங்களில் உள்ள குழப்பம் நேர எல்லையில் அப்படியே தெரியும். ஜப்பானில் இரவு 10 முதல் 5 வரை. தென்கொரியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 10 முதல் 6. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் மாலை 8-க்கே தொடங்கிவிடுகிறது. ஜெர்மனியின் வேலைநேரச் சட்டத்தில் 11 முதல் 6. அதே நாட்டின் வருமான வரிச் சட்டத்தில் இரவுப் படிக்கு வரிவிலக்குத் தரும்போது மாலை 8 முதல் 6. உடலைக் காக்க வந்த சட்டத்துக்கு ஓர் இரவு, வரிச்சலுகைக்கு இன்னோர் இரவு!

அதைவிடச் சம்பளப் பிரிவைத் திணறடிப்பது, எல்லையைத் தாண்டி நிற்கும் ஷிப்ட். இதற்கு இரண்டு தீர்வுகள் புழக்கத்தில் உள்ளன. எல்லைக்குள் விழும் மணிக்கு மட்டும் கொடுப்பது ஒன்று. ஷிப்டின் பெரும்பகுதி இரவில் விழுந்தால் முழு ஷிப்டுக்கும் கொடுப்பது மற்றொன்று. அமெரிக்க மத்திய அரசிடம் இரண்டும் உண்டு: அலுவலகப் பணியாளருக்கு மாலை 6 முதல் காலை 6 வரை விழும் மணிகளுக்கு 10 சதவீதம், உடலுழைப்புப் பணியாளருக்கு, ஷிப்டின் பெரும்பகுதி மாலை ஷிப்ட் நேரத்தில் விழுந்தால் முழுவதற்கும் 7.5 சதவீதம், நள்ளிரவு ஷிப்டில் விழுந்தால் 10 சதவீதம். பிரிட்டன் சுகாதார சேவையிலும், வாரநாளில் தொடர்ந்து பார்க்கும் ஷிப்டின் பாதிக்கு மேல் 8-க்கும் 6-க்கும் இடையில் இருந்தால் முழு ஷிப்டும் இரவாகிவிடும்.

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்துக்கு வேலை செய்யும் ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். அங்கே கோடையில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. ஒன்பது மணி நேர ஷிப்ட் கோடையில் 3:30-க்கும் குளிர்காலத்தில் 4:30-க்கும் முடிகிறது. இரவு 10 முதல் 6 வரை என்ற எல்லை வைத்து மணிக்கணக்கில் கொடுத்தால், நவம்பரில் படி ஒரு மணி நேரம் கூடி, மார்ச்சில் குறையும். முழு ஷிப்ட் விதி வைத்தால் எதுவும் மாறாது. மணிக்கணக்கு துல்லியமானது, ஷிப்ட் கணக்கு ஊழியருக்குப் புரிகிறது. பகல் ஷிப்ட், அரைநைட், முழுநைட் என்று மூன்றாகப் பிரித்துப் பழகிய நம் நூற்பாலைகளுக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் சாய்வு.

நள்ளிரவில் தேதி மாறுவதும் ஒரு சிக்கல். இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இதைத் தெளிவாகக் கையாண்டது: நள்ளிரவுக்குப் பின் பார்த்த மணிகள் முந்தைய நாளின் கணக்கில் சேரும், வார விடுமுறை, ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இதையே தொடர்கிறது. பல வருகைப்பதிவு மென்பொருள்கள் 12 மணி அடித்ததும் நாளை மாற்றி, ஒரே ஷிப்டை இரண்டு அரைநாளாக வெட்டிவிடுகின்றன. சட்டம் எழுதி வைத்திருப்பதை மென்பொருளில் ஒரு வரியாக ஏற்றினால் போதும்.

படியின் மேல் படி

இரவில் ஓ.டி. பார்த்தால் என்ன ஆகும்? ஜப்பான் கூட்டுகிறது: ஓ.டி.க்கு 25, இரவுக்கு 25, ஆக 50 சதவீதம். மாதத்தில் 60 மணி நேரத்தைத் தாண்டிய ஓ.டி. என்றால் 75. அமெரிக்காவில் இரவுப் படி முதலில் அடிப்படை விகிதத்துக்குள் சேர்ந்துவிடும், பிறகுதான் ஒன்றரை மடங்கு. 10 சதவீதப் படியும் ஒன்றரை மடங்கு ஓ.டி.யும் வாங்குபவருக்கு முதல் முறையில் 1.60 மடங்கு வரும் இடத்தில் இரண்டாவது முறையில் 1.65 வரும்.

இந்தச் சிறிய வேறுபாடு ஒருமுறை பெரும் போராகியிருக்கிறது. நியூயார்க் துறைமுகத்தில் இரவில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களுக்கு ஒன்றரை மடங்கு கூலி இருந்தது. நிர்வாகம் அதை ‘ஓ.டி.’ என்றே அழைத்தது. நாங்கள் எப்போதும் இரவில்தான் வேலை செய்கிறோம், ஆகவே அதுதான் எங்கள் வழக்கமான கூலி, அதன் மேல் ஓ.டி. வேண்டும் என்றார்கள் தொழிலாளர்கள். 1948-இல் ‘பே ரிட்ஜ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அவ்வகை ஒன்றரை மடங்குக் கூலியைக் கணக்கிலிருந்து விலக்க வழி செய்தது. சாதாரண இரவுப் படி மட்டும் இன்றுவரை அடிப்படைக்குள் சேர்ந்தே நிற்கிறது.

இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, ஓ.டி.க்கான சாதாரண ஊதிய விகிதத்தில் தொழிலாளிக்கு அப்போது உரிமையுள்ள படிகளையும் சேர்த்தது, போனஸையும் ஓ.டி. ஊதியத்தையும் மட்டுமே விலக்கியது. இதை நேராகப் படித்தால் இரவுப் படியும் இரட்டிப்பாக வேண்டும். படியைத் தனிப் பத்தியில் வைத்து, அடிப்படையை மட்டும் இரட்டிப்பாக்கும் கணக்கு அந்த வாசகத்தோடு ஒத்துப்போவதாகத் தெரியவில்லை.

உச்சவரம்பும் சரிவும்

சதவீத முறையில் மேல்நிலையில் இருப்பவருக்கு அதிகம் போகிறது என்ற குறைக்கு மத்திய அரசு கண்ட மருந்து, உச்சவரம்பு. அடிப்படைச் சம்பளம் 43,600 ரூபாயைத் தாண்டினால் இரவுப் படி கிடையாது என்றது 2020 ஆணை. ரயில்வே ஊழியர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏழாவது நிலைச் சம்பளம் 44,900-இல்தான் தொடங்குகிறது என்பதால், அந்த நிலை முழுவதும் ஒரே வெட்டில் வெளியே போயிற்று.

கணக்குப் போட்டால் இதன் விபரீதம் புரியும். 43,600-இல் இருப்பவருக்கு அடுத்த இன்கிரிமென்ட் 1,300 ரூபாய். 50 சதவீத அகவிலைப்படியையும் பெருநகரத்தின் 30 சதவீத வீட்டு வாடகைப் படியையும் கூட்டினாலும் 2,340 ரூபாய்தான் கூடும். போவதோ இரவு ஒன்றுக்கு 436 ரூபாய். மாதம் ஆறு இரவு பார்ப்பவர் இன்கிரிமென்ட் வாங்கியதால் நட்டப்படுவார்.

இதே குறைக்கு பிரிட்டன் சுகாதார சேவை சரிவான பாதையைத் தேர்ந்தது. இரண்டாம் நிலை ஊழியருக்கு 41 சதவீதம், மூன்றாம் நிலைக்கு 35, நான்கு முதல் ஒன்பது வரை 30. கீழே இருப்பவருக்குச் சதவீதம் அதிகம், மேலே குறைவு, யாருக்கும் பூஜ்யம் இல்லை. இரு முறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரிவே மேல் என்று தயங்காமல் சொல்லலாம்.

இரவுக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான தொகை வைப்பதும் உண்டு. இந்தியத் தனியார் நிறுவனங்களில் பரவலான முறை இதுதான். எளிமையானது, ஆரோக்கிய வாதத்தோடும் பொருந்துவது. ஆனால் விலைவாசியோடு பிணைக்காவிட்டால் சில ஆண்டுகளில் டீச்செலவுக்கே போதாமல் போகும். பஞ்சப்படிப் புள்ளியோடு அதையும் கட்டிவைப்பது ஒரு வழி; கட்டிவைத்த ஒப்பந்தங்கள் குறைவு.

இந்தியாவில் இனி

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. பெண்கள் இரவில் வேலை செய்வதற்கு இருந்த தடை, ஒப்புதலும் பாதுகாப்பும் என்ற நிபந்தனையாக மாறிவிட்டது. அந்தத் தடையை 2000-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்திருந்ததை இங்கே நினைவுகொள்ளலாம். இரவில் வேலை செய்வோர் பெருகுவதற்கான வழி திறந்திருக்கிறது. அவர்களுக்கான படி பற்றித் தொகுப்புகள் பேசவில்லை.

திறந்து கிடக்கும் பெரிய கேள்வி, இரவுப் படி ‘ஊதியம்’ ஆகுமா என்பது. 2019-இல் விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் படி பி.எஃப். கணக்கில் சேரும், கூடுதல் உழைப்போடு கட்டப்பட்டது சேராது என்ற கோட்டைக் கிழித்தது. இரவுப் படி எந்தப் பக்கம்? சுழற்சியில் எல்லோரும் இரவு பார்க்கும் ஆலையில் ஒரு பதிலும், சிலர் மட்டும் பார்க்கும் ஆலையில் வேறு பதிலும் வரக்கூடும். ஊதியத் தொகுப்புச் சட்டமோ விலக்குகளைப் பட்டியலிட்டு, அவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிஞ்சியது ஊதியமே என்கிறது. அந்தப் பட்டியலில் ஓ.டி., வீட்டு வாடகை, போக்குவரத்து உண்டு. இரவுப் படி பெயரால் இல்லை. ஆனால் தீர்ப்பு அல்லது ஒப்பந்தத்தின் கீழ் தரப்படும் தொகை விலக்கில் இருக்கிறது. அப்படியானால் சங்கத்தோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் வரும் இரவுப் படிக்கு ஒரு கணக்கு, நிர்வாகம் தானாக அறிவித்த அதே தொகைக்கு வேறு கணக்கா? வாசகம் அப்படிப் படிக்க இடம்கொடுக்கிறது. நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும்.

அதுவரை விதி எழுதுபவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. படி எந்தக் காரணத்துக்காகத் தரப்படுகிறது என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். இரவு மணிகளையும் அதற்கான விகிதத்தையும் பே ஸ்லிப்பில் தனி வரியாக அச்சிட வேண்டும். பிலிப்பைன்ஸில் குறைந்தது 10 சதவீதம், ஜப்பானில் 25, கொரியாவில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் 50 என்று சட்டமே தரைமட்டத்தை வைத்திருக்கிறது. இந்தியத் தனியார் துறைத் தொழிலாளிக்கு நாடு தழுவிய அப்படியொரு தரைமட்டம் இன்னும் இல்லை.